காதர் பீவி தேடும் ராஜம்மா

காதர் பீவி கடையில் உட்கார்ந்து யாரும் அதிகம் பார்த்ததில்லை. கல்லாவுக்குப் பின்னால் உயரமான நாற்காலி ஒன்று உண்டு. அதில் அவருடைய கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். அவர் சமையலறைக்கும் முன்வாசலுக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பார். மேசைக்கு மீன் குழம்பு போகத் தாமதமானால் தானே தூக்கிக்கொண்டு ஓடுவார். ஐம்பத்திரண்டு வயது. முழங்கால் வலி உண்டு, அதைப் பற்றிப் பேசுவதற்கு நேரம் கிடையாது.

மலேசியாவில், ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில் பட்டறைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவின் மூலையில் கடை. கணவர் ருக்னுதீனின் தகப்பனார் ஆரம்பித்தது. காதர் பீவி பிறந்தது வடக்கே ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் சிம்பாங் ரெங்கத்தில். தோட்டத்து எல்லையில் அவருடைய அத்தா மளிகைக் கடை வைத்திருந்தார். கல்யாணமாகித் தம்போய்க்கு வந்த நாளிலிருந்து இந்தச் சாப்பாட்டுக் கடைதான் வீடு, வாசல் எல்லாம்.

கடையில் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். பெரும்பாலும் ராமநாதபுரம் பக்கத்துப் பையன்கள். அவர்களுக்கு இவர் மாமி. யாருக்காவது காய்ச்சல் என்றால் கஞ்சி தனியாகக் கொதிக்கும். ஊரில் யாருக்காவது குழந்தை பிறந்தால் மாமி சார்பில் துணிமணி போகும். அதே அக்கறையோடு அவர்களுடைய பாஸ்போர்ட்டுகளையும் தன் படுக்கையறை இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். பையன்கள் தங்கும் அறையில் கதவே சரியாகச் சாத்தாது, ஆளுக்கு ஒரு பை, எதையாவது தொலைப்பார்கள். கடை வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் எல்லோர் வீட்டிலும் இதுதான் வழக்கம். அதை ஒரு விஷயமாக அவர் நினைத்ததே இல்லை, மூன்று வருடங்களுக்கு முன் அந்தப் பெண் வரும்வரை.

காலைக் கூட்டம் ஓய்ந்திருந்தது. சமையல்காரர் மாஹிர் பின்சந்தில் நின்றபடி, அழுகின வெங்காயம் அனுப்பியவனைப் போனில் வைதுகொண்டிருந்தார். அப்போது தண்ணீர்க் குழாய் பக்கம் ஒரு பெண் வந்து நின்றாள். நீலச் சட்டை, கையில் தரை துடைக்கும் வாளி. வாளியோடு நடக்கிற பெண்ணை எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை என்று பிறகு சொன்னாள்.

"அண்ணே, கொஞ்சம் தண்ணி குடிச்சிக்கவா?"

மாஹிர் பதில் சொல்வதற்குள் காதர் பீவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டார். "குழாய்த் தண்ணியா குடிக்கிறது? உள்ள வா. சாப்பிட்டியா?"

"வேணாம் மேடம்."

"யாரு மேடம் இங்க? உக்காரு லா."

பெயர் சாந்தினி. இலங்கையில் ஹட்டன் பக்கத்து மலைத்தோட்டம். தெருவைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள், தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சிங்கப்பூரில் வீட்டு வேலை என்று சொல்லி ஓர் ஏஜெண்ட் அழைத்து வந்தான். ஜொகூரில் இரண்டு நாள் தங்கிவிட்டு அந்தப் பக்கம் போய்விடலாம் என்றான். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு சிங்கப்பூரும் வரவில்லை, பாஸ்போர்ட்டும் வரவில்லை. உலு திராமில் ஒரு வீட்டில் நான்கு பெண்களைப் பூட்டி வைத்திருந்தார்கள். காலையில் வேன் வரும். அலுவலகங்களைக் கழுவித் துடைத்துவிட்டு வந்தால் மறுபடியும் பூட்டு.

மற்ற மூவரில் இரண்டு பேர் இந்தோனேசியப் பெண்கள். மூன்றாவது ராஜம்மா, தமிழ்நாட்டுக்காரர், ஐம்பது வயதிருக்கும். அன்று தம்போயில் ஓர் அலுவலகத்தில் வேலை. டிரைவர் கீழே சிகரெட் வாங்கப் போன நேரத்தில் ராஜம்மா கழிவறைக் குழாய்களை எல்லாம் திறந்துவிட்டு, குழாய் உடைந்துவிட்டது என்று கூச்சல் போட்டார். எல்லோரும் அங்கே ஓடினார்கள். சாந்தினி வாளியோடு இந்தப் பக்கம் இறங்கிவிட்டாள்.

"நீ போயி ஆள் கூட்டிட்டு வான்னாங்க. ஆளுக்கு எங்க போறதுன்னு அவங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல."

ருக்னுதீன் மனைவியைச் சமையலறைக்குள் கூப்பிட்டார். "போலிஸுக்குப் போனா மொதல்ல நம்ம கடையிலதான் வந்து நிப்பாங்க. பெர்மிட் இல்லாத ஆள உள்ள வச்சிருக்கோம்னு கேஸ் ஆயிடும்."

"வரட்டும். ஆளுக்கொரு தே தாரிக் ஆத்திக் குடுங்க."

"வெளையாடாத."

"நீங்கதான் வெளையாடுறீங்க. வயசு பொண்ண திரும்ப ரோட்டுல விடச் சொல்றீங்களா?"

காதர் பீவி போனை எடுத்தார். அடுத்த ஒரு மணி நேரம் அவருக்கு நல்ல பாடம். ஓர் எண்ணில் பதிவு செய்த குரல் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. இன்னோர் இடத்தில் அந்தப் பெண்ணின் பாஸ்போர்ட் நகல் வேண்டும் என்றார்கள். அது இருந்தால் எதற்கம்மா உங்களுக்குப் போன் போடுகிறேன் என்று கேட்டார். மூன்றாவது இடத்தில் திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். கடையைச் சுற்றிச் சுற்றி நடந்து பேசியதில் அவருடைய போனில் பாதி பேட்டரி போயிற்று. கடைசியில், சாப்பாடு பொட்டலம் கட்ட வந்த ஒரு தாதி இதையெல்லாம் காதில் வாங்கிவிட்டு ஓர் எண்ணைக் கொடுத்தார்.

அது தர்மினியின் எண். ஜொகூர் பாரு நகரத்தில் வழக்கறிஞர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம் பார்த்த குடும்பம். இவர் மட்டும் ஒரு பெண்கள் அமைப்போடு சேர்ந்து இப்படிப்பட்ட வழக்குகளின் பின்னால் அலைகிறவர்.

"ஆன்ட்டி, நான் கோர்ட்டுல இருக்கேன். நாலு மணிக்கு உங்க வீட்டுக்கு வர்றேன். அவங்களா தனியா மாட்டினா விசா முடிஞ்ச ஆளுன்னு தடுப்பு முகாமுக்குப் போயிடுவாங்க. ஆள் கடத்தல்காரங்ககிட்ட மாட்டின ஆளுன்னு நாம முறையா புகார் குடுத்தா கோர்ட்டு பாதுகாப்பு உத்தரவு போடும், காப்பகம் கெடைக்கும். ரெண்டுக்கும் ரொம்ப வித்தியாசம். புரியுதா?"

"புரியுது."

"கண்டவங்க முன்னாடி கதைய சொல்ல வெக்காதீங்க. அப்புறம், அவங்களுக்கு உங்க மேல நம்பிக்கை இருக்கணும். அதுதான் முக்கியம்."

"அதெல்லாம் நீங்க கவலப்படாதீங்க. எங்க பையனுங்கள கேட்டுப் பாருங்க," என்றார் காதர் பீவி.

சாந்தினியை வீட்டுக்கு அழைத்துப் போனார். குளிக்கச் சொல்லி, தன்னுடைய பாஜு குரோங் உடை ஒன்றைக் கொடுத்து, தேநீர் போட்டுக் கொடுத்தார். சாந்தினி கொஞ்சம் பேசினாள். தன் மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான் என்றாள். ராஜம்மாவுக்கு இருமல் விடுவதே இல்லை, அந்த ஈரத்தில் என்ன ஆகுமோ என்றாள்.

அந்த நேரம் பார்த்து மாஹிர் வந்தார். "மாமி, பாஸ்போர்ட்ட ஒரு தடவ குடுங்களேன். தங்கச்சி கல்யாணத்துக்கு டிக்கெட் போடணும்."

காதர் பீவி இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து அலமாரியைத் திறந்தார். ரப்பர் பேண்ட் போட்ட கட்டிலிருந்து மாஹிருடையதை உருவிக் கொடுத்தார். மாஹிர் அதைச் சட்டைப் பையில் வைக்கப் போனார்.

"ஏய், இங்க குடு. போன்ல படம் எடுத்துக்க, போதும். புக்கு எங்கிட்டயே பத்திரமா இருக்கட்டும்."

மாஹிர் படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். அலமாரி பூட்டப்பட்டது. சாந்தினி கையில் கோப்பையோடு அறை வாசலில் நின்றிருந்தாள். காதர் பீவி அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு மதியத் தொழுகைக்குப் போனார்.

தொழுதுவிட்டு வந்தபோது பின்கதவு திறந்திருந்தது. பாஜு குரோங் மடித்து நாற்காலியில் வைக்கப்பட்டிருந்தது. துவைத்து ஈரமாகக் கிடந்த நீலச் சட்டையைக் காணவில்லை.

வேன்காரன் வந்து இழுத்துக்கொண்டு போய்விட்டான் என்றே காதர் பீவி முதலில் நினைத்தார். பிறகு மடித்து வைத்த துணியைப் பார்த்தார். இழுத்துப் போகிறவன் துணி மடிக்க நேரம் கொடுப்பானா? மாஹிரை ஏற்றிக்கொண்டு காடியைத் தானே ஓட்டிக் கிளம்பினார். பின்சந்துகள், அடுக்குமாடி வீடுகளின் மாடிப்படி, கோயில் வாசல், மினி மார்க்கெட். யாரையும் வாய்விட்டுக் கேட்கவும் முடியவில்லை. நீலச் சட்டைப் பெண்ணைத் தேடுகிறோம் என்று ஊர் முழுக்கச் சொன்னால் அவளைத் தேடும் வேனுக்கும் அது எட்டும். ஒரே தெருவை மறுபடி மறுபடி சுற்றினார்கள். ஒரு சிக்னலில் பச்சை விழுந்ததைக் கவனிக்காமல் காதர் பீவி நடைபாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்தவன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

நான்கு மணிக்குத் தர்மினி வந்தபோது வீட்டில் சாந்தினி இல்லை. காதர் பீவி மட்டும் நடுக்கூடத்தில் நடந்துகொண்டிருந்தார், மாஹிர் வாசலில் நின்றார்.

"கடைசியா என்ன நடந்துச்சு? ஒண்ணுவிடாம சொல்லுங்க," என்றார் தர்மினி.

காதர் பீவி சொன்னார். அலமாரி வந்த இடத்தில் தர்மினி கையை உயர்த்தினார்.

"எத்தன பேரோட பாஸ்போர்ட்டு உங்ககிட்ட இருக்கு?"

"நம்ம பையனுங்களோடதுதான். பத்திரத்துக்கு."

"அது குத்தம் ஆன்ட்டி. சட்டப்படியே குத்தம்."

"எல்லாரும் அப்படித்தாம்மா வச்சிருக்காங்க. நீங்க யாரை வேணும்னாலும் கேளுங்க."

"சாந்தினியோட ஏஜெண்டு என்ன சொல்லி வாங்கியிருப்பான்னு நெனைக்கிறீங்க? திருடப் போறேன், குடுன்னு கேட்டிருப்பானா?"

காதர் பீவி மாஹிர் பக்கம் திரும்பினார். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா மூஞ்சிய அப்படி வச்சிருக்க? நீ எப்பவாச்சும் வேணும்னு கேட்டியா?"

"கேட்டேன் மாமி. போன வருஷமும் கேட்டேன்."

"சிரிச்சிக்கிட்டே கேட்ட."

"அழுதுகிட்டா கேக்க முடியும்?"

பிறகு மாஹிருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. காலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இங்கிருந்து உலு திராமுக்குப் பஸ் எங்கே ஏறுவது என்று அவள் கேட்டாள். லார்க்கினில் என்று இவரும் சொல்லியிருந்தார்.

"அங்கிருந்துதானடா ஓடியாந்தா. திரும்ப எதுக்கு அங்க போவா?" என்று கேட்டுக்கொண்டே காதர் பீவி காடிச் சாவியை எடுத்துவிட்டார். மாஹிரும் ஏறிக்கொண்டார், தர்மினி தன் காடியில் பின்னாலேயே வந்தார்.

லார்க்கின் பேருந்து நிலையத்தில் வேலை விட்டுத் திரும்புகிறவர்களின் நெரிசல். சாந்தினி ஒரு தூணுக்கு அருகே நின்றிருந்தாள். டிக்கெட்டுக்குக் கையில் ஒன்றுமில்லாததால் இரண்டு டிரைவர்கள் ஏற்ற மறுத்திருந்தார்கள். காதர் பீவியைக் கண்டதும் பின்னால் நகர்ந்தாள்.

"கிட்ட வராதீங்க."

"என்னம்மா இது, நான் என்ன செஞ்சேன்? சோறு போட்டேன், துணி குடுத்தேன்."

"அவங்களும் போட்டாங்க. மொத நாளு கோழிக் கறி."

காதர் பீவிக்குச் சுருக்கென்றது. அவர் வாழ்நாளில் அவரைப் பார்த்து யாரும் இப்படிச் சொன்னதில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார். தர்மினி அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தள்ளியிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். தன் அடையாள அட்டையை எடுத்து சாந்தினி பார்க்கும்படி பெஞ்சில் வைத்தார்.

"நான் தர்மினி, வக்கீல். நீங்க வர வேணாம், அங்கேயே நில்லுங்க. ஒண்ணு மட்டும் கேக்குறேன். திரும்ப உலு திராமுக்கு எதுக்கு?"

"ரெண்டு வீடும் ஒண்ணுதான்னா, ராஜம்மாக்கா இருக்கிற வீட்டுலயே இருந்துக்கிறேன். எனக்காக அடி வாங்கிட்டிருப்பாங்க."

காதர் பீவி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவினார். வீட்டுச் சாவி, கடைச் சாவி, அலமாரிச் சாவி எல்லாம் ஒரே வளையத்தில் இருந்தன. காடிச் சாவியையும் சேர்த்து அப்படியே மாஹிர் கையில் வைத்தார்.

"காடிய எடுத்துட்டுப் போ. எல்லாத்தையும் எடுத்து அவனவன் கையில குடு. குடுக்கும்போது வீடியோ போடு."

"மாமா கேட்டாருன்னா?"

"மாமி செத்துட்டா, அதான் பங்கு பிரிக்கிறோம்னு சொல்லு. போ லா."

மாஹிர் திரும்பக் கூப்பிடும்வரை அவர் பெஞ்சுக்கும் தூணுக்கும் நடுவே நடந்தார். தூணை நெருங்கும்போதெல்லாம் தாமே நின்று திரும்பிக்கொண்டார். கடைசியில் போன் அடித்தது. திரையில் கடை. பையன்கள் வரிசையாக நின்று பாஸ்போர்ட்டை வாங்கினார்கள். தேநீர் போடுகிறவன் வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அந்தக் கடையில் பாஸ்போர்ட் கைக்கு வந்தால் ஊருக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பொருள்.

"மாமி, நான் என்ன தப்பு பண்ணேன்? சீனி அதிகமாயிடுச்சா?" என்றான் அவன் போனுக்குள்ளிருந்து.

"ஒரு தப்பும் பண்ணல. ஒன்னோடது, நீயே வச்சிக்க."

"வேலை?"

"வேலையும் இருக்கு. சீனியையும் கொறச்சுப் போடு."

சாந்தினி தூணை விட்டு வந்து, ஓர் அடி தள்ளி நின்று திரையைப் பார்த்தாள். தேநீர்க்காரன் தன் பாஸ்போர்ட்டைத் திறந்து, அதிலிருந்த மீசையில்லாத தன் முகத்தைப் பக்கத்திலிருந்தவனிடம் காட்டிக்கொண்டிருந்தான்.

"ராஜம்மாக்காவ யாரு கூட்டிட்டு வருவா?" என்று கேட்டாள்.

"நீங்க வாயத் திறந்து சொன்னாத்தான் போலிஸ் அங்க போக முடியும்," என்றார் தர்மினி. "நான் கூடவே இருப்பேன். வேணாம்னு தோணுற நிமிஷம் நிறுத்திக்கலாம்."

சாந்தினி தர்மினியின் காடியில் ஏறினாள். ஜன்னலை இறக்கிவிட்டுக் கதவோரமாக உட்கார்ந்தாள்.

போலிஸ் நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி வாக்குமூலம் எழுதினார். சாந்தினி சொன்னதைத் தர்மினி மலாய் மொழியில் எடுத்துச் சொன்னார். வெளியே காதர் பீவி நடந்த நடையைப் பார்த்துக் காவலுக்கு நின்ற இளைஞன் அவருக்கு நாற்காலி போட்டான். அதிலும் கைப்பைதான் உட்கார்ந்தது. இருட்டத் தொடங்கியபோது சாந்தினியை ஏற்றிக்கொண்டு இரண்டு வண்டிகள் உலு திராமுக்குப் போயின. விலாசம் அவளுக்குத் தெரியாது. எந்த வளைவுக்குப் பிறகு எந்த வளைவு என்று தெரியும். வீட்டைக் கண்டுபிடித்தார்கள். பூட்டை உடைத்தார்கள்.

உள்ளே இரண்டு இந்தோனேசியப் பெண்கள் இருந்தார்கள். ராஜம்மா இல்லை.

மாலை அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்து கொஞ்ச நேரத்தில் ஒரு கார் வந்தது, ராஜம்மாவை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். வேன் டிரைவர் போனில் பேசியதில் சிம்பாங் ரெங்கம் என்ற பெயர் மட்டும் காதில் விழுந்திருக்கிறது.

பாங்கு சொன்ன நேரத்தில் காதர் பீவி சாந்தினியைத் தேடி லார்க்கினுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"நாலு மணிக்கே நாம ஸ்டேஷனுக்குப் போயிருந்தாலும் அதுக்குள்ள அங்க போய்ச் சேர்ந்திருக்க முடியாது ஆன்ட்டி," என்று தர்மினி அன்றைக்கும் சொன்னார், பிறகும் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"போயிருக்கலாம்," என்பார் காதர் பீவி.

நீதிமன்றம் மூன்று பெண்களுக்கும் பாதுகாப்பு உத்தரவு போட்டது. சாந்தினி வேறு மாநிலத்தில் ஒரு காப்பகத்தில் இருந்தாள்; எந்த இடம் என்று காதர் பீவிக்குச் சொல்லப்படவில்லை. பிடிபட்ட வேன் டிரைவருக்கு எதிராக அவள் சாட்சி சொன்னாள்; ராஜம்மாவை எங்கே அனுப்பினார்கள் என்று மட்டும் அவன் சொல்லவில்லை. போன வருடம் ஹட்டனுக்குத் திரும்பினாள். எப்போதாவது குரல் செய்தி வரும். மகனைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு, ராஜம்மாக்கா கிடைத்தாரா என்று கேட்டு முடிப்பாள்.

கடையில் எதிர்பார்த்தது நடந்தது. பாஸ்போர்ட் கைக்கு வந்து ஒரு மாதத்தில் தேநீர்க்காரன் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

"நான் சொன்னேன்ல?" என்றார் ருக்னுதீன்.

"போகட்டும். போக முடியுதுல்ல."

பள்ளிவாசலில் மற்றக் கடைக்காரர்கள் ருக்னுதீனைக் கிண்டல் செய்தார்கள். "என்னா ருக்னுதீன் காக்கா, ஒங்க வீட்டு அலமாரியில இப்ப என்ன வச்சிருக்கீங்க, பலகாரமா?" அவர் சிரித்து மழுப்பிவிட்டு வந்து மனைவியிடம் கோபப்படுவார். ஆனால் அந்தப் பாஸ்போர்ட்டுகளைத் திரும்பக் கேட்டு வாங்கவில்லை.

காதர் பீவி வெள்ளிக்கிழமை தோறும் சிம்பாங் ரெங்கம் போக ஆரம்பித்தார். பிறந்த ஊர், எந்தச் சந்து எங்கே போகும் என்று தெரியும். ராஜம்மாவின் படம் அவரிடம் இல்லை. குள்ளம், நெற்றியில் ஒரு தழும்பு, விடாத இருமல், இவ்வளவுதான் சாந்தினி சொன்னது. கிளினிக்கில் கேட்டார், கோயிலில் கேட்டார், எஸ்டேட் லைன் வீடுகளில் கேட்டார், துப்புரவு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர்களிடம் வேலை தேடுகிறவர் போலப் பேச்சுக் கொடுத்தார். போகும் இடமெல்லாம் தன் போன் எண்ணைக் கொடுத்தார். அந்த எண் கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போயிற்று. அழைப்புகள் வந்தன. ஒரு தடவை கோழிப் பண்ணையில் இரண்டு பேர். ஒரு தடவை, சம்பளமே பார்க்காத ஒரு வீட்டு வேலைக்காரப் பெண். ஒவ்வொருவரையும் தர்மினியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். யாரும் ராஜம்மா இல்லை.

போன மாதம் சிம்பாங் ரெங்கத்திலிருந்து ஜெயபாலன் அழைத்தார். அங்கே மளிகைக் கடை வைத்திருப்பவர். "ராத்தா, ஒரு பொம்பள வந்து கடை ஓரமா நிக்கிறாங்க. தமிழ்தான் பேசுறாங்க. பேரு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாங்க. இருமிக்கிட்டே இருக்காங்க."

கடையில் மதிய நெரிசல். காதர் பீவி ஒரு கையில் வைத்திருந்த குழம்புத் தட்டை யார் மேசை என்று பாராமல் வைத்துவிட்டுக் காடியில் ஏறி நெடுஞ்சாலையைப் பிடித்தார். வழியில் ஜெயபாலனுக்கு நாலு தடவை போன் போட்டார். நெற்றியைப் பாருங்க, தழும்பு இருக்கா? துண்டு போட்டு மூடியிருக்காங்க ராத்தா, எப்படிப் பாக்குறது?

அரிசி மூட்டைகளுக்கு அருகில் அந்தப் பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுத் தலையிலிருந்த துண்டை விலக்கினாள். முப்பது வயதுகூட இருக்காது. நெற்றியில் ஒன்றுமில்லை.

காதர் பீவியின் முகம் விழுந்ததை அவள் பார்த்துவிட்டாள். தன்னைத் துரத்தப் போகிறார்கள் என்று நினைத்தோ என்னவோ, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் போயிடுறேம்மா."

"இரு, இரு. ஒக்காரு." காதர் பீவி நின்ற இடத்திலேயே நின்றார். "நான் தேடி வந்தது வேற ஆளு. அதுக்காக ஒன்ன விட்டுட்டா போவேன்? சாப்பிட்டியா?"

ஜெயபாலன் ஒரு பாட்டில் தண்ணீரைத் திறந்து அவளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்தார். காதர் பீவி கடை வாசலுக்கு வந்து, வெயிலில் நடந்துகொண்டே தர்மினியைக் கூப்பிட்டார்.

"இவளும் ராஜம்மா இல்ல."

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. "சரி ஆன்ட்டி, நான் கெளம்புறேன். அவங்க பேரு என்ன?"

"இன்னும் கேக்கல. அவளா சொல்லட்டும்," என்றார் காதர் பீவி.